கரிகாலனைக் கொன்றது ஆர்?

‘பொன்னியின் செல்வ’னைச் சரித்திர நாவல் என்பார்கள், காதல் கதை என்பார்கள். பதினாலு வயதில் சோனகதெருவில் இருந்து வாசித்த எனக்கு அது கொலைக்கதை. 1950 தொடக்கம் 1954 வரை ‘கல்கி’யில் வந்த தொடரைக் கிழித்துத் தைத்த கட்டு எங்கள் வீட்டில் இருந்தது. ஐந்தாம் பாகத்தைக் கையில் தரும்போது வாப்பா சொன்னது இவ்வளவுதான்: “ஆர் செய்த வேலை எண்டு நீயே யோசிச்சுச் சொல்லு.”

இளம் வாசகருக்கு இதைவிட நல்ல முன்னுரை வேண்டாம். கடம்பூர் மாளிகையில் அன்றிரவு இருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். பழிவாங்கக் காத்திருந்த நந்தினி, ஒளிந்திருந்த வந்தியத்தேவன், மாறுவேடத்தில் வந்த பெரிய பழுவேட்டரையர், வெளியே ரவிதாசன் கூட்டம். சாவையே தேடி வந்தவன்போலப் பேசும் கரிகாலனையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்கலாம். இருட்டில் காரியம் முடிகிறது. பழி வந்தியத்தேவன் தலையில் விழுகிறது. பிறகு கிழவர் தானே கொன்றதாகச் சொல்கிறார். கல்கியோ இன்னார்தான் என்று அடித்துச் சொல்லவில்லை.

இதை நழுவல் என்று குறைசொல்வோர் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. வரலாற்றாசிரியர்களே இதில் ஒத்துப்போகவில்லையே! நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாதது நாவலாசிரியரின் நேர்மை. ஆனால் கொலைக்குப் பிந்திய சிறை அத்தியாயங்கள் இழுபடுகின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நம்மவருக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. தொண்டைமானாறும் யானை இறவும் கதையில் வரும்போது யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு நெஞ்சு நிமிரும். அதே பகுதியில் வரும் அராபியரோ பெயரில்லாத முரடர்கள். கப்பலைப் பிடிக்கிறார்கள், ஆளைக் கொல்கிறார்கள், போய்விடுகிறார்கள். கொழும்பில் கிடைத்த கூபி எழுத்துக் கல்வெட்டு ஹிஜ்ரி 337ஆம் ஆண்டுக்குரியது. கரிகாலன் இறப்பதற்கு இருபது வருடமளவு முந்தியது. இங்கே மௌத்தாகி, அடக்கப்பட்டு, பெயர் பொறிக்கப்பட்ட ஒரு முஸ்லிமின் கல் அது. கல்கியின் கடலில் அப்படி ஒருவருக்கு இடமில்லை. சின்ன வயதில் இது எனக்கு உறைக்கவேயில்லை, நானும் வந்தியத்தேவன் பக்கம்தான் நின்றேன்.

உறைத்தது வேறொன்று, அதுவும் நாவலுக்கு வெளியே. காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரத்தில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரியது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்கிறது. அதோடு நிற்கவில்லை. அவர்களின் தம்பிமார், பிள்ளைகள், மனைவிமார், மாமன்மார், சகோதரிகளைக் கட்டியவர்கள், மகள்மாரைக் கட்டியவர்கள் என்று உறவு உறவாக எண்ணி, அத்தனை பேரின் உடைமையையும் பறிக்கச் சொல்கிறது. பெண் எடுத்த வீட்டின் குற்றத்துக்காக மருமகன் காணி போகிறது. உத்தம சோழனின் முடிசூட்டோடு கதையை முடிக்கும் கல்கிக்கு இந்தக் கட்டத்தைத் தொட வேண்டிய தேவை வரவில்லை.

1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரைவிட்டு வந்தவன் நான். வாப்பாவின் கட்டு அலுமாரியிலேயே கிடந்துபோனது. புத்தளத்தில் நூலகப் பிரதியொன்றை எடுத்து மறுபடி வாசித்தபோது, ஆர் கொன்றது என்ற கேள்வியில் முன்னைய ருசி இருக்கவில்லை. ரவிதாசனின் மருமகன் எந்த ஊருக்குப் போயிருப்பான், என்னத்தைக் கொண்டு போயிருப்பான் என்றுதான் ஓடியது மனம்.

இப்போது மகளுக்கு அந்த நாவலைக் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் பாகத்தில் நிற்கிறாள், இரவில் விளக்கை அணைக்க விடுகிறாளில்லை. கல்வெட்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. முதலில் அவள் கொலைகாரனைத் தேடட்டும்.