பலகாரத் தட்டும் கொல்லைக் கதவும்

தமிழில் 'சுடுதல்' என்னும் வினைச்சொல் மிக விரிந்த பொருளுடையது. தோசையைச் சுடுகிறோம், அடையைச் சுடுகிறோம், கொதிக்கும் எண்ணெயில் இட்டு எடுக்கும் அதிரசத்தையும், குழிச்சட்டியில் வார்க்கும் பணியாரத்தையும், கீழும் மேலும் தணலிட்டு வேகவைக்கும் தம்மடையையும் சுடுவதாகவே சொல்லுகிறோம். அடுப்பு எத்தகையது, நெருப்பு எப்பக்கத்திலிருந்து தாக்குகிறது என்பனவற்றைப் பொருட்படுத்தாமல், மாவானது சூட்டினால் தன் பச்சை வாசனை நீங்கி உருவமும் ருசியும் பெறுகின்ற அந்த மாறுதல் ஒன்றையே கருதி நம் முன்னோர் இச்சொல்லை ஆண்டார்கள் போலும். ஆதலால், மேனாட்டார் ரொட்டி சுடும் கலைக்கு நிகராகக் காவிரிக் கரையில் என்ன உண்டு என்று கேட்பவர்களுக்கு, தஞ்சைத் தரணியின் பழைய வீடுகளில் அடுக்களைக்கும் கொல்லைக்கும் இடையே இருக்கும் சிறு கதவையே நான் காட்டுவது வழக்கம்.

எங்கள் பக்கத்து வீடு நீளவாக்கில் அமைந்தது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று, கிணற்றடியைக் கடந்து, வாய்க்கால் கரையிலோ மறுதெருவிலோ போய் முடியும் கொல்லையோடுதான் அது நிறைவு பெறும். அரிசி களைந்த நீர் மாட்டுத் தொட்டிக்கும், பாத்திரம் தேய்த்த நீர் வாழைக்கும், அடுப்புச் சாம்பல் அவரைப் பந்தலின் அடிக்கும் போகும். அங்கிருந்து கறிவேப்பிலையும் நாரத்தங்காயும் தேங்காயும் அடுக்களைக்குத் திரும்பும். பலகாரம் செய்பவளுக்குக் கொல்லைதான் கருவிப்பெட்டி. போளி தட்டுவதற்கும் காரடையான் நோன்பு அடையைத் தட்டி ஆவியில் வைப்பதற்கும் வாழையிலை வேண்டும். பூரணத்துக்குத் தேங்காய் வேண்டும். தேங்காயை உடைத்துத் துருவிய பின் மிஞ்சுகிற கொட்டாங்கச்சியைப் போல நின்று நிதானமாகக் கனலும் தணலை வேறெந்த விறகும் தருவதில்லை. குறுவைக்காக ஜூன் 12-ஆம் தேதியை ஒட்டி மேட்டூர் அணையைத் திறந்து, ஆற்றில் புதுத் தண்ணீர் வந்து, ஆடியும் பிறந்துவிட்டால், அவரை, புடல், பீர்க்கு, பறங்கி ஆகியவற்றின் விதைகள் முந்தானை முடிச்சுகளில் வீட்டுக்கு வீடு பிரயாணம் செய்யத் தொடங்கும். அதே முந்தானைகளே ஆவணியில் சீடைக்கும் ஐப்பசியில் அதிரசத்துக்கும் பதம் கேட்டுக்கொண்டு போகும்.

வாழையின் பெருமையைச் சொல்லும்போது, 1010-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்று நினைவுக்கு வருகிறது. பரிவாராலயத்துப் பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் அமுது செய்விப்பதற்காக இராசராச சோழன் 360 காசுகளைத் தஞ்சாவூர் வணிகர்களிடம் முதலாக வைத்தான். காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி. காசு ஒன்றுக்கு 1200 பழம். வட்டி 45 காசாகிறது. அதற்குரிய 54,000 பழங்களை 360 நாளுக்குப் பங்கிட்டால் சரியாக 150 வருகிறது. ஒரு பழம் கூடாமலும் குறையாமலும் கணக்கிட்டு அதைக் கல்லிலும் வெட்டி வைத்த தேசத்தில், அதிரச மாவுக்கு வெல்லம் அளக்கும் பாட்டிமார்கள் ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று அத்தனை கண்டிப்பாக இருந்ததில் ஆச்சரியம் என்ன?

இனி, சம்பிரதாயங்களைப் பார்ப்போம். மாவை முதன்மையாகக் கொண்டது ஒன்று. கும்பகோணம், திருவையாறு, மன்னார்குடி ஆகிய ஊர்களைச் சுற்றிய அக்கிரகாரத்து வீடுகளில் அது உச்ச நிலையை அடைந்தது. அதன் மகுடம் கைமுறுக்கு. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் துணி விரித்து உலர்த்தி, கையில் பிடித்தால் ஈரம் தெரிந்தும் உதிர்த்தால் ஒட்டாமலும் இருக்கும் தருணத்தில் இடித்துச் சலிக்க வேண்டும். வறுத்து அரைத்த உளுந்து மாவு எட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்டால் முறுக்கு எண்ணெய் குடித்துவிடும். பிறகு வெண்ணெயும் சீரகமும் சேர்த்துப் பிசைந்த மாவைச் சிறிது சிறிதாக எடுத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கயிறு முறுக்குவது போல முறுக்கிக்கொண்டே, ஈரத்துணியின்மேல் வளையத்துக்குள் வளையமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஐந்து சுற்று, ஏழு சுற்று, ஒன்பது சுற்று என்று சீர்வரிசைக்குத் தகுந்தபடி வளையங்கள் கூடும். முதல் சுற்றின் புரியும் கடைசிச் சுற்றின் புரியும் ஒரே நெருக்கத்தில் இருக்கின்றனவா என்று சம்பந்தி வீட்டுப் பெரியவள் விளக்கடியில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். ஒருத்தி தனியே செய்து முடிக்கக்கூடிய காரியமன்று இது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே தெருவில் கைராசிக்காரிகளைத் தாம்பூலம் வைத்து அழைப்பார்கள். கூடத்தில் வரிசையாக அமர்ந்து பேசியபடியே சுற்றும் அவர்களில் இளையவள் மூத்தவளின் விரலைப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொள்வாள். 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' எழுதி வெளியிட்டது தமிழ்க் குடும்பங்களுக்குப் பேருபகாரம். ஆயினும் முறுக்கின் புரி இன்றுவரை ஏட்டில் ஏறவில்லை என்பதே என் துணிபு.

சீடையும் இந்தச் சம்பிரதாயத்தைச் சேர்ந்ததே. என் சிறுவயதில் ஒரு கோகுலாஷ்டமிக்கு முதல்நாள் எங்கள் வீட்டில் சீடை வெடித்து, எண்ணெய் தெறித்து, என் அத்தையின் முன்கையில் காசளவு கொப்புளம் எழுந்தது. மாவு சரியாகச் சலிக்கப்படாமல் கட்டி நின்றாலோ, உருண்டை அளவுக்கு மீறி இறுகிவிட்டாலோ, மேல்தோல் முந்திக் கெட்டிப்பட்டு, உள்ளே அகப்பட்ட ஈரம் ஆவியாகி வெளியேற வழியின்றிச் சீடையைப் பிளந்துகொண்டு கிளம்பும். அத்தை கைக்குச் சுண்ணாம்புத் தெளிவும் தேங்காயெண்ணெயும் தடவிக்கொண்டு மிச்ச மாவை மறுபடியும் சலித்து முடித்தாள். அதற்கு முன் எண்ணெயிலிருந்து எடுத்திருந்த சீடைகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. "வெடிச்ச ஈட்டுச் சீடை நம்ம வீட்டோட இருக்கட்டும், அடுத்த வீட்டுத் தட்டுல வைக்காதே" என்றாள்.

அந்தச் சொல்லில்தான் இந்நாட்டுப் பலகாரக் கலையின் பிரமாணம் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ருசி வீட்டுக்கு வீடு மாறும். சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும். ஆனால் இலை நறுக்கால் மூடிப் பிறர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பத் தகுதியுள்ளதா என்ற கேள்வி எல்லாச் சம்பிரதாயங்களுக்கும் பொதுவானது.

பாகை முதன்மையாகக் கொண்டது வேளாண் குடிகளின் சம்பிரதாயம். அய்யம்பேட்டைக்கும் பாபநாசத்துக்கும் அருகே வீரமாங்குடியிலும் சுற்றுப்புறங்களிலும் கரும்புச் சாறு காய்ச்சி வார்க்கும் அச்சுவெல்லம் இதன் உயிர்நிலை. பாகைச் சிறு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் கூட்டினால் மெத்தென்ற உருண்டையாகத் திரள வேண்டும். திரளாமல் கரைந்தால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும். உருண்டை 'டங்'கென்று ஓசை எழுப்பினால் பல்லுக்குச் சோதனைதான். இடித்த மாவைப் பாகில் கிளறி ஓரிரு நாள் மூடி வைத்து, பிறகு இலையில் தட்டிப் போட்டு, வெந்ததை இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கிடையே அழுத்தி எண்ணெயை வடிப்பார்கள். நல்ல அதிரசத்தின் லக்ஷணம், ஓரம் மொறுமொறுத்து நடு மிருதுவாக இருப்பது. நாள் ஆக ஆக அது மேலும் பக்குவப்படும்.

மராத்தியர் 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்டபோது போளிக்கு ஒரு புது மதிப்பு ஏற்பட்டது. இரண்டாம் சரபோஜியின் அரண்மனைச் சமையலைப் பற்றிய 'சரபேந்திர பாக சாஸ்திரம்' சரசுவதி மகாலின் வெளியீடாகக் கிடைக்கிறது. ஓர் அரசவை சமையலையும் சாஸ்திரமாக மதித்தது என்பதற்கு அதுவே சாட்சி. கடலைப்பருப்புப் பூரணத்தை உள்ளே வைத்துக் கட்டையால் தேய்ப்பது மராத்திய வழி. எண்ணெய் தடவிய வாழையிலையில் விரலால் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து இலையை உரித்தெடுப்பது நம் வழி. தட்டிய போளியின் ஓரத்தில் விரல் பதிந்த சிறு மேடுபள்ளங்கள் நெய்யில் சிவந்து நிற்கும் அழகுக்காகவே நான் பின்னதன் பக்கம் சாய்கிறேன்.

கடற்கரைக்குப் போனால் தணலின் சம்பிரதாயம். நாகூர், காரைக்கால், அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களில் தம்மடை என்றும் தம்ரூட் என்றும் வழங்கும் பண்டமே, அடுப்பறையில் சுட்ட ரொட்டிக்கு நம் நாட்டின் நேர் உறவு. வறுத்த ரவை, முட்டை, சர்க்கரை, நெய், தேங்காய்ப்பால் ஆகியவற்றைக் கலந்து, அடிகனத்த பாத்திரத்தில் ஊற்றி, கீழே சிறுதணலும் மூடியின்மேல் பெருந்தணலும் இட்டு, நெருப்பைக் கண்ணாலும் வாசனையாலும் அளந்துகொண்டு காத்திருக்க வேண்டும். இடையில் மூடியைத் திறந்தால் சாம்பல் உள்ளே விழும். திறக்காவிட்டால் கருகியதா என்று தெரியாது. நெய் வாசனை முற்றத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டால் தணலை ஒதுக்கலாம் என்பது நான் கேட்ட கணக்கு. நாகூர் தர்காவின் உயர்ந்த மனோராவைத் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மர் எழுப்பினார். அந்த ராஜ சினேகத்தைப் போலவே, பெயர் தெரியாத எத்தனையோ இல்லங்களின் சினேகம் கந்தூரிக்கும் தீபாவளிக்கும் தட்டுகளாக நடந்துகொண்டிருந்தது. டேனிஷ்காரர்கள் 1620 முதல் 1845 வரை இருந்த தரங்கம்பாடியிலும், தஞ்சைப் பட்டணத்திலும் உள்ள கிறிஸ்தவ வீடுகளின் அச்சு முறுக்கையும், ரொட்டிக் கடை அடுப்புக்குக் கொடுத்தனுப்பிச் சுட்டு வாங்கும் கிறிஸ்துமஸ் கேக்கையும் பற்றித் தனியே எழுத வேண்டும்.

கொல்லைகள் இன்று சுருங்கிவிட்டன. பாகப்பிரிவினையில் குறுக்கே சுவர் எழும்பியது. கிணற்றடி சிமென்ட் தரையாயிற்று. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துத் தென்னைகளை அடியோடு சாய்த்தபோது, தோப்புக்காரர்களின் நஷ்டத்தைக் கணக்கெடுத்தார்கள். ஆனால் வீட்டுக் கொல்லையில் நின்ற இரண்டு மரங்களோடு ஒரு குடும்பத்தின் பூரணமும் தணலும் எண்ணெயும் போனதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? எனினும் அதே வட்டாரத்துத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில்தான் நெல் ஜெயராமன், பாரம்பரிய நெல்லில் இரண்டு கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்பப் பெறும் வழக்கத்தை 2006 முதல் நெல் திருவிழாவாக நடத்தி, 174 ரகங்களை மீட்டார். விஷயம் தெரிந்தவர்கள் வியந்தார்கள். எங்கள் தெருப் பெண்களுக்கோ அது புதிதாகத் தோன்றவில்லை. பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அறியாதவர்கள் அவர்கள்.

சென்ற ரம்ஜானுக்கு அடுத்த தெரு லாத்தா வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது. இலை நறுக்கை விலக்கினால் தம்மடை, நடுவே பொன்னிறமாக, ஒரு மூலையில் மட்டும் சற்றுக் கருகலாக. கருகிய துண்டை அவர் எடுத்துவிடவில்லை. "அந்த ஓரத்தைப் பார்த்துட்டுத் தணல் எங்கே கூடிப்போச்சுன்னு சொல்லுங்க" என்று பேத்தியிடம் சொல்லி அனுப்பியிருந்தார். என் மனைவி அதை விண்டு முகர்ந்து, மூடியின் தெற்கோரத்தில் கொட்டாங்கச்சி மொத்தமாகக் குவிந்துவிட்டது என்று பதில் சொன்னாள். பிறகு தட்டைக் கழுவித் துடைத்து, கொல்லையிலிருந்து பறித்த நான்கு நாரத்தங்காயையும், காகிதத்தில் மடித்த பறங்கி விதையையும் அதில் வைத்து, குழந்தையின் கையில் கொடுத்தாள்.