ஸ்ட்ராவுக்குள் எவ்வளவு எலி?

கருவை ஸ்ட்ரா எனும் மெல்லிய குழாயில் அடைத்து உறைய வைத்துவிட்டால் அந்த எலி வம்சத்தையே காலத்துக்கு வெளியே எடுத்து வைத்தாயிற்று என்பதுதான் கரு வங்கிகளுக்காகப் பேசுகிறவர்களின் வாதம். அதில் எவ்வளவு தேறும் என்று பார்க்கலாம்.

1972இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்தோடு சேர்ந்து உழைத்த டேவிட் விட்டிங்ஹாம், ஸ்டான்லி லீபோ, பீட்டர் மேசர் மூவரும் சுமார் 2,500 எலிக் கருக்களை மைனஸ் 196 டிகிரிக்கும் அதற்குக் கீழேயும் கொண்டுபோய் மீட்டார்கள். பாதிக்கு மேல் பிழைத்தன. ஆயிரம் கருக்கள்வரை வாடகைத் தாய்களுக்கு மாற்றியதில் 65 சதவீதத் தாய்கள் சினைப்பட்டன. சினைப்பட்டவற்றுக்குள் வைத்த கருக்களில் 40 சதவீதத்துக்கு மேல் குறையின்றி வளர்ந்தன. சூட்சுமம் வேகத்தில் இருந்தது. செல்லுக்குள் பனிப்படிகம் விழுந்தால் கரு பிழைக்காது. அதனால் டிஎம்எஸ்ஓ என்ற உறைகாப்புப் பொருளின் கரைசலில் வைத்து, நிமிடத்துக்கு 0.3 முதல் 2 டிகிரி என்று நிதானமாகக் குளிர்வித்தார்கள். வெளியே பனி சேரச் சேர, உள்ளிருக்கும் நீர் கசிந்து வெளியேற நேரம் கிடைத்தது.

1985இல் வில்லியம் ரால், கிரெகரி ஃபாஹி இருவரும் நேர் எதிர்த் திசையில் போனார்கள். கரைசலின் அடர்த்தியைக் கூட்டி, பனி உருவாகவே இடம் கொடுக்காமல், சட்டென்று குளிர்வித்துக் கண்ணாடியாக இறுக வைத்தார்கள். வெப்பநிலையைப் படிப்படியாக இறக்கும் விலையுயர்ந்த கருவி இதற்குத் தேவையில்லை. ஆனால் அந்த அடர்ந்த கரைசலே கருவுக்கு நஞ்சு. கைவேகம் இல்லாதவரிடம் கரு தப்பாது.

திரவ நைட்ரஜன் தொட்டியில் கரு கிடக்கும் காலத்தைப் பற்றிய அச்சமும் தீர்ந்துவிட்டது எனலாம். அந்தக் குளிரில் வேதிவினை நின்றுவிடும். இயற்கைக் கதிர்வீச்சு மட்டும் உள்ளே நுழையும், அது செய்யும் சேதத்தைப் பழுதுபார்க்க என்சைம் விழித்திருக்காது. விட்டிங்ஹாமும் இங்கிலாந்தின் ஹார்வெல்லைச் சேர்ந்த மேரி லயன், பீட்டர் க்ளெனிஸ்டர் இருவரும் உறைந்த கருக்களை வேண்டுமென்றே கதிர்வீச்சில் வைத்துப் பார்த்தார்கள். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளில் சேரக்கூடிய அளவு பட்டும் சொல்லும்படியான கேடு தெரியவில்லை.

கரு தாங்கும், சரி. எதற்காக இத்தனை பாடு? தீ, வெள்ளம் என்று பதில் வரும். 2012இல் சாண்டி புயலில் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வகத்தின் அடித்தளத்தில் தண்ணீர் புகுந்து ஆயிரக்கணக்கான எலிகள் மாண்டதை எடுத்துக்காட்டுவார்கள். நியாயம்தான், ஆனால் இது நினைப்பதைவிட மெலிந்த வாதம். 1947 அக்டோபரில் மெய்ன் மாநிலத்தின் ஜாக்சன் ஆய்வகம் எரிந்து, பல்லாயிரம் எலிகளை இழந்தது. உறைபதனம் இல்லாத அந்தக் காலத்திலும் அது மீண்டது. முன்பு அங்கிருந்து எலி வாங்கிப்போனவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். பலரிடம் பரவியிருக்கும் வம்சத்துக்கு அந்தப் பரவலே காப்பு. வேறெங்கும் இல்லாத பிறழ்வு எலிக்குத்தான் தொட்டி அவசியம்.

உண்மையான வாதம் வேறிடத்தில் இருக்கிறது. உயிரோடு வளர்க்கும் வம்சம் தலைமுறைக்குத் தலைமுறை யாருக்கும் தெரியாமல் மாறும். உலகெங்கும் புழங்கும் பிளாக்-6 எலியின் ‘ஜே’, ‘என்’ கிளைகள் 1951இல் பிரிந்தவை. அதற்குப் பிறகு ஜே கிளையில் என்என்டி என்ற மரபணுவின் ஒரு பகுதி காணாமல் போனது. இன்சுலின் சுரப்போடு தொடர்புடைய மரபணு அது. நீரிழிவு ஆய்வுகள் நெடுங்காலம் இது தெரியாமலேயே நடந்துகொண்டிருந்தன. என் கிளையிலோ விழித்திரையைக் கெடுக்கும் வேறொரு பிறழ்வு நிலைத்துவிட்டது. 2001இல் வெளிவந்தது இன்னும் சங்கடமானது: விற்பனைக்கு வந்த ஒரு பிளாக்-6 கிளையில் ஆல்ஃபா-சைநியூக்ளின் மரபணுவே இல்லை. பார்க்கின்சன் நோயோடு பேசப்படும் புரதம் அது. தீ பிடித்தால் எல்லோருக்கும் தெரியும், இது யாருக்குத் தெரியும்? ஜாக்சன் ஆய்வகம் 2003இல் ‘ஆதாம்–ஏவாள்’ என்ற ஒரே சோடியின் வழியில் ஏராளமான கருக்களை உறைய வைத்து, ஐந்து தலைமுறைக்கு ஒருமுறை அவற்றிலிருந்தே வளர்ப்புக் கூட்டத்தைப் புதுப்பிக்கும் முறையைக் கொண்டுவந்தது. உறைபதனத்தின் மிகச் சிறந்த பயன் எனக்கு இதுவாகத்தான் படுகிறது.

இனி, தேறாதது. ஸ்ட்ராவுக்குள் இருப்பது கரு மட்டும்தான். அது எலியாவது வாடகைத் தாயின் வயிற்றில், அவளுடைய நுண்ணுயிர்களோடு. நோய்க்கிருமி பிடித்த கூட்டத்தைச் சுத்தப்படுத்தக் கரு மாற்றம் உதவுவதும் இதனால்தான். கெட்டது போகும்போது பழைய குடலின் மற்ற குடிகளும் போய்விடுகின்றன. 2009இல் வந்த ஆய்வொன்றில் ஒரு விற்பனையாளரின் எலிகளிடம் இருந்த இழைவடிவக் குடல் பாக்டீரியா ஜாக்சன் எலிகளிடம் இல்லை. அந்த ஒன்றே நோயெதிர்ப்புச் செல்களின் ஒரு வகையைத் தூக்கி நிறுத்தப் போதுமாக இருந்தது. 2019இல் இதன் உச்சத்தைப் பார்த்தோம். பிளாக்-6 கருக்களைக் காட்டெலித் தாய்களுக்குள் வைத்தார்கள். 2006இல் லண்டனில் ஆறு தன்னார்வலர்களைத் தீவிர சிகிச்சைக்கு அனுப்பிய டிஜிஎன்1412 மருந்தின் ஆபத்து வழக்கமான ஆய்வக எலிகளில் தென்படவில்லை. அதே வகை மருந்து காட்டெலித் தாயின் வயிற்றில் பிறந்த எலிகளில் ஆபத்தைக் காட்டிக்கொடுத்தது. மரபணு அதேதான், விலங்கு வேறு.

உறைதலே தடம் விடுகிறதா என்பதும் முழுதாக அடங்கிய கேள்வியல்ல. 1995இல் பிரான்ஸிலிருந்து வந்த ஆய்வு, உறைந்து மீண்ட எலிகள் வளர்ந்த பிறகு உடலமைப்பிலும் நடத்தையிலும் சில வேறுபாடுகள் இருப்பதாகச் சொன்னது. அதை எழுதியவர்களே பெருங்கேடு என்று சொல்லவில்லை. இதைக் காட்டி உறைபதனத்தையே தள்ளுவது மிகை. ஆனால் வயதான எலிகளின் நடத்தையை அளக்கிறவர், உறைந்து வந்தவற்றையும் வராதவற்றையும் ஒரே குழுவில் கலந்தால் நான் அந்த முடிவை நம்பமாட்டேன்.

செலவில் கரு தோற்கிறது. ஒரு வம்சத்துக்குச் சில நூறு கருக்கள் வேண்டும். ஹார்மோன் ஊசி போட்ட பெண் எலிகளைக் கொன்று கருக்குழாயைக் கழுவித்தான் அவற்றை எடுக்க முடியும். விந்துக்கு ஓரிரு ஆண் எலிகள் போதும். பிளாக்-6 விந்து உறைந்தபின் சரிவர வேலை செய்யாததே தடையாக இருந்தது. 2008இல் ஜப்பானிலும் ஜாக்சனிலும் வந்த புதிய கரைசல்கள் அதைப் பெருமளவு நீக்கிவிட்டன. ஆகவே வழக்கமான பின்னணியில் ஒரே ஒரு பிறழ்வு உள்ள வம்சத்துக்குக் கருவை உறைய வைப்பது இன்று வீண் கொலை. பல பிறழ்வுகள் சேர்ந்த கூட்டணியோ, தாய்வழி மைட்டோகாண்ட்ரியாவோ, ஆதாம்–ஏவாள் போன்ற அடிப்படை வம்சமோ என்றால் விந்து பாதியைத்தான் தரும், அங்கே கருவுக்கு மாற்று இல்லை.

ஆகவே என் தீர்ப்பு: மரபணுவைக் காக்கும் முறையாக இதை முழு மனதோடு ஏற்கலாம், எலியைக் காக்கும் முறை என்று விற்பதை ஏற்க முடியாது. முளைப்பு பார்க்காமல் விதைநெல்லைக் கட்டி வைக்கும் விவசாயி உண்டா? ஒரு ஸ்ட்ராவையாவது உருக்கி, உறை கிழியாத கருக்களை எண்ணி, குட்டி பிறக்கிறதா என்று பார்க்காதவரை அந்த வம்சத்தைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. ஆய்விதழ்களும் எலியின் வம்சப் பெயரோடும் வாங்கிய இடத்தோடும் நின்றுவிடாமல், உறைந்து வந்ததா, எந்தத் தாயின் வயிற்றில் பிறந்தது என்ற இரண்டையும் கேட்டு வாங்கிப் பதிவுசெய்ய வேண்டும்.