யூடியூபில் ஆம்பூர்: நூலகருக்கு எதைக் கற்றுத்தர வேண்டும்?

யூடியூபில் ‘ஆம்பூர்’னு அடிச்சுப் பாருங்க. பிரியாணி வரும். அண்டா, விறகு அடுப்பு, கத்திரிக்காய் தொக்கு என்று நாள் முழுக்கப் பார்க்கலாம். அதே ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட ஒரு பெரியவர், தன் வேலையைத் தன் வாயால் சொல்லும் பதிவைத் தேடினேன். ஒன்றும் சிக்கவில்லை.

நூலகர்களுக்கு வீடியோ, மல்டிமீடியா பயிற்சி தர வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்தத் தேடல்தான் ஞாபகம் வருது. பயிற்சி வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. எதில் பயிற்சி என்பதில்தான் என் சண்டை.

இந்த வகைப் பயிற்சிகளுக்குப் பெரிய முன்னோடி ‘23 திங்ஸ்’. 2006ல் அமெரிக்காவின் வட கரோலினாவில், சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் ப்ளோவர்ஸ் தொடங்கியது. வகுப்பில் உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை. 23 சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தார்கள். ஊழியர்கள் தாங்களே நோண்டிப் பார்த்து, கற்றதை வலைப்பூவில் எழுத வேண்டும். முடித்தவர்களுக்கு எம்பி3 பிளேயர் பரிசு. பல நாட்டு நூலகங்கள் அதைப் பின்பற்றின. பயப்படாம தொட்டுப் பாருங்க என்று ஊழியர்களுக்கு அனுமதியும் நேரமும் கொடுத்தார்களே, அதுதான் அதன் பெரிய பலம்.

பலவீனமும் இருந்தது. அதில் சொல்லிக்கொடுத்த பிளாக்லைன்ஸ், டெலிசியஸ், ரோலியோ எதுவும் இன்று அந்த வடிவில் இல்லை. இருபதாவது வேலை யூடியூப்: போய்ப் பாருங்க, பிடிச்ச வீடியோ ஒன்றைப் பற்றி எழுதுங்க. அதாவது வீடியோ விஷயத்தில் நூலகரும் மற்றவர்களைப் போல ஒரு பார்வையாளர்தான். தேர்ந்தெடுப்பது, விவரம் எழுதுவது, வகைப்படுத்துவது, பாதுகாப்பது ஆகிய நூலகரின் சொந்தத் திறமைகளுக்கு அங்கே வேலையே இல்லை. இன்றும் வீடியோ பயிற்சி என்றாலே பேச்சு எடிட்டிங், தம்ப்நெயில், சப்ஸ்கிரைபர் என்றுதான் போகிறது. 1929ல் ரங்கநாதன் மதராஸில் நூலகர் பயிற்சி தொடங்கியபோது அச்சடிக்கவா கற்றுக்கொடுத்தார்?

யூடியூபில் ஏத்திட்டா பத்திரமா இருக்குமே என்று கேட்கலாம். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. சாதாரண உழைக்கும் ஜனங்கள் எடுத்த எத்தனையோ வீடியோக்கள் ஒரே நாளில் எட்டாமல் போயின. தளம் என்பது வாடகைக் கடை மாதிரி. அதை நூலகம் என்று நம்பக் கூடாது.

சரி, இதில் ஆம்பூருக்கு என்ன அவசரம்? 1970களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. குரோம் முறை பரவியது. பட்டை போட்டுப் பதனிடுவதையே முழு வேலையாகச் செய்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று 1996ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு சட்டப் புத்தகங்களில் இருக்கு. பாலாற்றங்கரையில் கிணறு கெட்டுப்போன விவசாயியின் குரல் எங்கே இருக்கு? ஷூ கம்பெனி வேனில் தினமும் போய்வரும் பெண்களின் குரல்?

செய்ய முடியும் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கு. இலங்கைத் தமிழர்கள் 2005ல் தொடங்கிய நூலகம் திட்டம், நூல்களோடு நிற்காமல் ஒலி, ஒளிப்பதிவுகளுக்கும் நிழற்படங்களுக்கும் ‘ஆவணகம்’ என்று தனித் தளமே வைத்திருக்கிறது. யார், எப்போது, எங்கே என்ற விவரம்தான் அங்கே பதிவைத் தேடி எடுக்க வழி. நல்ல கேமரா அதற்கப்புறம்தான்.

என்னைக் கேட்டால் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு நூலகர்களுக்கு நாலு விஷயம் போதும். ஒன்று, போனில் காலர் மைக் மாட்டிப் பேட்டி எடுப்பது. தோல் ஷாப் டிரம் ஓடும்போது வெறும் போனில் பேச்சு கேட்காது. இரண்டு, விவரக் குறிப்பு எழுதுவது. தமிழில் பேசினாரா உருதுவிலா, எந்த வேலையைச் சொல்கிறார், ‘சுண்ணாம்புக் குழி’ என்று தேடினால் அது கிடைக்குமா? மூன்று, மூலக் கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வெவ்வேறு இடத்தில் வைப்பது. யூடியூபில் இருப்பது காட்சிக்கு மட்டும்.

நாலாவதுதான் கஷ்டம்: சம்மதம். கம்பெனியைப் பற்றிப் பேசியவருக்கு நாளைக்கு வேலை போகலாம். பேரை மறைக்கணுமா, குரல் மட்டும் போதுமா, சில வருஷம் பூட்டி வைக்கணுமா என்று அவரிடமே கேட்க வேண்டும். இதை எந்த எடிட்டிங் ஆப்பும் சொல்லித்தராது. வாசகரின் ரகசியத்தைக் காக்கப் பழகிய நூலகருக்கு இது புதுசும் இல்லை.

ஒற்றை ஆளாகக் கிளை நூலகத்தைத் திறந்து, பூட்டி, கணக்கு எழுதுபவரின் தலையில் இதையும் கட்டினால் நடக்காது என்று தெரியும். அதனால்தான் சார்லட்டிடமிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்கச் சொல்கிறேன்: வேலை நேரத்திலேயே கற்க நேரம் ஒதுக்குவது. வாரம் ஒரு மணி நேரம் போதும். தமிழ்நாட்டில் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி கட்டுகிறோம். அந்தக் காசில் ஒரு பெரியவரின் ஒரு மணி நேரப் பேச்சைக் காப்பாற்றி வையுங்க என்று கேட்க நமக்கு உரிமை இருக்கு. பிரியாணியை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.