கரையில் நிற்கும் முகங்கள்

மணவூர், திருத்தணிப் பக்கமெல்லாம் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் மொழிகள். தெலுங்கு அவ்வளவாகப் பிடிபடாதவர்கூட ஒரு தெலுங்குத் தொடரை ஐந்து நிமிடம் பார்த்தால் போதும். கெட்டவள் யார், அழப்போகிறவள் யார் என்று சொல்லிவிடலாம். வசனம் புரியவில்லை, முன்கதை தெரியாது. பிறகு எது சொன்னது? மாமியார் ஒரு வார்த்தை பேசியதும் மருமகள் முகம் வருகிறது, அடுத்து நாத்தனார் முகம், திரும்பவும் மருமகள். எந்த முகத்துக்குப் பிறகு எந்த முகம், அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே அங்கே மொழியாகிவிடுகிறது. படத்தொகுப்பு என்றால் வேண்டாததை நறுக்கி எறிவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். எடுத்த காட்சியில் இல்லாத பொருளை உண்டாக்குவதே அதன் உண்மையான வேலை என்பது என் கட்சி.

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் திரைப்பட இயக்குநர் குலெஷோவ் செய்த சோதனை இதற்குப் பழைய சாட்சி. சலனமில்லாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்கும் ஒரு சவப்பெட்டிக்கும் பக்கத்தில் மாற்றி மாற்றி ஒட்டியபோது, பார்த்தவர்கள் பசியையும் துக்கத்தையும் அந்த முகத்திலேயே கண்டதாகச் சொல்வார்கள்.

எல்லாம் இயக்குநர் முன்பே தீர்மானித்ததுதானே, தொகுப்பாளர் அதை ஒட்டித் தருபவர்தானே என்று கேட்பார்கள். நம் சினிமாவின் வரலாறே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. கலைஞரின் வசனத்துக்காக இன்றும் பேசப்படும் 'பராசக்தி' (1952) படத்தை இயக்கிய கிருஷ்ணன்-பஞ்சு இரட்டையரில் பஞ்சுவே அதன் தொகுப்பாளர். அவர்களிடம் உதவித் தொகுப்பாளராக இருந்தவர்தான் பின்னாளில் இயக்குநரான ஏ. பீம்சிங். அவருடைய மகன் பி. லெனின், மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) படத்தைத் தொகுத்தவர். கத்தரி பிடித்த கைகள்தான் இந்த இயக்குநர்களில் சிலரை உருவாக்கின. திரைக்கதைத் தாளில் 'அவன் ஆற்றில் இறங்குகிறான்' என்று எழுதிவிடலாம். காட்சி தண்ணீரில் எவ்வளவு நேரம் இருப்பது, கரைக்கு எப்போது திரும்புவது என்பது தாளில் அடங்காது. மெழுகுப் பென்சிலால் பிலிமில் குறி போட்ட காலத்தில் அந்தக் கோடு ஆறு சட்டகம் தள்ளி விழுந்தால் கால் நொடி கூடிவிடும். திரையில் ஒரு முகம் தயங்குவதற்கும் கல்லாய் நிற்பதற்கும் இடையே உள்ள தூரம் பல நேரம் அவ்வளவுதான்.

தொடர்களின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அடுப்பில் குழம்பை வைத்துவிட்டுக் கூடத்தை எட்டிப் பார்க்கிறவருக்கு ஒரே முகத்தை மூன்று தடவை காட்டினால்தான் விஷயம் போய்ச் சேரும். அதை மட்டமான ரசனை என்று தள்ளிவிட மாட்டேன். ஆனால் அந்த மூன்றாவது தடவை, எவ்வளவு அதிர்ச்சி அடைய வேண்டும் என்றும் சேர்த்தே அளந்து கொடுத்துவிடுகிறது. பார்ப்பவர் தாமாக எதையும் கண்டெடுக்க இடமில்லை.

'உதிரிப்பூக்கள்' அந்த இடத்தைத் திறந்து வைக்கிறது. ஊரே திரண்டு சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருகிறது. கொடுமைக்காரன்தான், அவன் சாகத்தான் வேண்டும் என்று நாமும் அதுவரை நினைத்திருக்கிறோம். உங்களையும் என்னைப் போலவே ஆக்கிவிட்டேன், நான் செய்த பாவங்களில் இதுதான் பெரிது என்ற பொருளில் பேசிவிட்டு அவன் தண்ணீருக்குள் போகிறான். மூழ்குகிறவனைவிடக் கரையில் நிற்கிறவர்கள் மீதுதான் படத்துக்கு அக்கறை. இது இசையின் சாதனை, இளையராஜாவுக்குச் சேர வேண்டிய பெருமை என்று ஒருவர் வாதிடலாம். அவர் பெருமை அவருக்கு உண்டு. ஆனால் அந்தப் பேச்சு யார் மேல் விழுந்தது என்பதை ஒட்டுதான் காட்டுகிறது. அவன் சொல்லுக்கு அடுத்து ஊரார் முகம் வந்ததும் தண்டனை கொடுத்தவர்கள் குற்றவாளிகளாகத் தெரிகிறார்கள். அவர்கள் முகத்தில் புதிதாக எதுவும் நடக்கவில்லை. குலெஷோவின் நடிகர் போல வெறுமனே நிற்கிறார்கள். பிறகு அவன் பிள்ளைகள் கரையோரமாக ஓடுகிறார்கள். அப்பன் போனதை அந்தச் சின்னக் கால்கள் புரிந்துகொண்டனவா என்று கேட்டுப் பதில் சொல்லும் நெருக்கமான முகம் எதுவும் தேவைப்படவில்லை. ஆறு ஓடுகிறது, பிள்ளைகளும் ஓடுகிறார்கள்.