கணிப்பொறி சொன்னால் போதுமா?

அசோக் நகரில் அசோகர் தூண் அருகே நின்று அண்ணாந்து பாருங்கள். நூறடிச் சாலையின் நடுவே வரிசையாக நிற்கும் தூண்களின் மேல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. கோயம்பேட்டையும் ஆலந்தூரையும் இணைக்கும் இப்பாதை 2015 ஜூன் 29-ல் திறக்கப்பட்டது. ரயில் கடக்கும்போது இரு தூண்களுக்கு இடையிலுள்ள விட்டம் சற்றே வளைந்து நிமிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவை முன்கூட்டியே கணிப்பது திடப்பொருள் விசையியலின் வேலை.

இத்தகைய கணக்குகளை இன்று பெரும்பாலும் கணிப்பொறியே போடுகிறது. கட்டுமானத்தைச் சிறு கூறுகளாகப் பிரிப்பார்கள்; ஒவ்வொரு கூறும் எப்படி உருமாறும் என்று ஓர் எளிய விதியை வகுப்பார்கள்; பிறகு எல்லாவற்றையும் கோத்து விடை காண்பார்கள். 1960-ல் அமெரிக்கப் பேராசிரியர் ரே கிளஃப் இதற்கு 'ஃபைனைட் எலிமென்ட் முறை' என்று பெயரிட்டார். முறை சிறந்ததே. குறை, அதை நாம் நம்பும் விதத்தில்தான் இருக்கிறது.

பொறியியல் மாணவர் கண்காட்சிகளில் நீலமும் சிவப்புமாகத் தகைவுப் படங்களைக் காண்பீர்கள். "இந்த விடையைச் சரிபார்த்தீர்களா?" என்று கேளுங்கள். "சாஃப்ட்வேர் கொடுத்த விடைதானே, சார்!" என்பார்கள். அது போதாது. ஏன் தெரியுமா?

விட்டத்தின் ஒரு கூறு நேர்கோட்டு விதிப்படிதான் உருமாறும் என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அக்கூறால் இயல்பாக வளைய முடியாது. வளைய முயலும்போதெல்லாம் உண்மையில் இல்லாத வெட்டுத் திரிபு ஒன்று கணக்கில் நுழைந்துவிடும். விட்டம் மெல்லியதாக இருந்தால், உண்மை வளைவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட விடையில் வராது. கணிப்பொறி கூட்டலிலோ பெருக்கலிலோ தவறு செய்யவில்லை, விதிதான் தவறு. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தில் பணிபுரிந்த கங்கன் பிரதாப் இந்தப் 'பொய் விறைப்பு' ஏன் தோன்றுகிறது என்பதை ஆராய்ந்தவர். 1990-ல் பட்நாகர் விருது பெற்றவர் அவர்.

இத்தகைய பிழைகள் தாளோடு நிற்பதில்லை. 1991 ஆகஸ்ட் 23-ல் நார்வேயில் 'ஸ்லைப்னர்-ஏ' என்ற எண்ணெய்த் துரப்பண மேடையின் கான்கிரீட் அடித்தளம் சோதனையின்போது கடலில் மூழ்கியது. கூறுகளைச் சரியாகப் பிரிக்காததால் வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. சுவரின் கம்பிக் கட்டிலும் குறை இருந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை; நட்டம் சுமார் 70 கோடி டாலர். விபத்துக்குப் பின் கவனமாகப் போட்ட கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்றது. உண்மையில் உடைந்ததோ 65 மீட்டரில்! அதே முறை, சரியாகக் கையாண்டபோது உண்மையைச் சொன்னது.

ஆகவே கணிப்பொறியை ஒதுக்க வேண்டியதில்லை, சோதிக்க வேண்டும். தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் கணக்கோடு நிற்காமல், விட்டங்களையும் கட்டுமானப் பகுதிகளையும் உண்மையாகவே சுமையேற்றிப் பார்க்கிறார்கள்.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை மேசை விளிம்பில் 10 செ.மீ. நீட்டி, மறுபக்கத்தை அழுத்திப் பிடியுங்கள். நுனியில் சிறு எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தாழ்கிறது என்று அளவுங்கள். பிறகு அதே எடையுடன் 20 செ.மீ. நீட்டுங்கள். நீளம் இரட்டித்தால் தாழ்வு ஏறத்தாழ 8 மடங்காகும். அது நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. மேலே சொன்ன பொய் விறைப்புள்ள கூறு ஒன்றை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் விடை 2 மடங்கு என்றே வரும். அந்தப் பிழையை ஓர் ஐந்து ரூபாய் ஸ்கேல் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இந்தச் சோதனையையும் இதுபோன்ற கைக்கணக்கையும் முதலில் கற்றுத் தந்துவிட்டு, பிறகு மாணவரைக் கணிப்பொறி முன் உட்கார வைக்கட்டும் நம் கல்லூரிகள். நாளை அவர்கள் போடும் கணக்கின் மேல்தான் நம் ரயில் ஓடப்போகிறது.