ஒரு மதிப்பெண் பிரதமர்

பிரிட்டிஷ் அரசியல் வரலாற்றில் தினம் ஒரு வினாடி வினா கேள்வி பார்ப்பது என் காலைப் பழக்கம். நேற்று வந்தது: படுகொலை செய்யப்பட்ட ஒரே பிரிட்டிஷ் பிரதமர் யார்? ஸ்பென்சர் பெர்சிவல், 1812. ஒரு மதிப்பெண், அவ்வளவுதான்.

சுட்டது யாருன்னு கேட்கவே இல்லை. லிவர்பூல் வியாபாரி ஜான் பெல்லிங்ஹாம். ரஷ்யாவில் கடன் தகராறில் சிறையிருந்து, ஊர் திரும்பி, நஷ்டஈடு கேட்டு அரசிடம் மனு மேல் மனு போட்டு அலைந்தவர். மே 11-ல் மக்களவை முகப்பறையில் சுட்டார். 15-ல் விசாரணை, 18-ல் தூக்கு. புத்தி பேதலித்தவர் என்று சொல்ல சாட்சிகளை அழைத்துவர வக்கீல் கேட்ட அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. ஒரே வாரம்!

கொலைக்கு நான் வக்காலத்து வாங்கலை. ஆனா 'முதல்', 'ஒரே', 'கடைசி' என்றே கேட்டால் இந்த மனுக்காரருக்கு இடமேது? 'அந்த மனுக்களை அரசு ஏன் தள்ளியது?' என்று ஒருநாளாவது கேட்கட்டும். நான் தோற்கத் தயார்.