ஏழாவது போல்ட் மேல் போட்ட பழி: 4ஜி63 எஞ்சினும் கிராங்க் ரிப்பேரும்

மிட்சுபிஷி எக்லிப்ஸ், ஈகிள் டாலன். 90களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊரில் தயாரான கார்கள். கிரைஸ்லரும் மிட்சுபிஷியும் சேர்ந்து நடத்திய டயமண்ட்-ஸ்டார் தொழிற்சாலை அது. டர்போ வைத்த மாடல்களில் இருந்தது 4ஜி63 எஞ்சின்: 1997 சிசி, வார்ப்பிரும்பு பிளாக், 1995க்குப் பிறகு வந்தவற்றில் 210 குதிரைத்திறன். டாமி மேக்கினன் 1996 முதல் 1999 வரை வரிசையாக நாலு உலக ராலி சாம்பியன் பட்டம் வாங்கின லான்சர் எவல்யூஷனிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான். அவ்வளவு கெட்டியான எஞ்சின் என்று பேர்.

ஆனா 95-99 எக்லிப்ஸ் என்றாலே கூடவே ஒரு கெட்ட பேரும் வரும்: கிராங்க்வாக். கிராங்க் ஷாஃப்ட் சுற்ற வேண்டிய இடத்தில் சுற்றாமல், நீளவாக்கில் முன்னும் பின்னும் நகர்வது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கத்திலும், செய்யப்படும் ரிப்பேரிலும் எனக்குச் சில கேள்விகள் இருக்கு.

முதலில் என்ன நடக்குதுன்னு பார்ப்போம். கிராங்க் நீளவாக்கில் நகராமல் பிடித்து வைப்பது நடு மெயின் பேரிங்கின் இரு பக்கமும் இருக்கும் த்ரஸ்ட் முகம். புது எஞ்சினில் அங்கே 0.05 முதல் 0.18 மில்லிமீட்டர் வரைதான் ஆட்டம் இருக்கணும். அந்த முகம் தேய்ந்தா ஆட்டம் கூடும். கூடக்கூட கிளட்ச் பெடல் பிடிக்கும் இடம் மாறும். வேகமா ஒரு வளைவு திரும்பியதும் பெடல் தரையோடு ஒட்டிக்கும். இந்த மாடலில் கிராங்க் சென்சார் டைமிங் பெல்ட் கவருக்குள்ளே, கிராங்குக்குப் பக்கத்திலேயே இருக்கு. அதன் தகடு நகர்ந்து வந்து சென்சாரில் உரசினால் வண்டி ஓடும்போதே அணைந்துவிடும். இன்னும் முற்றினா கிராங்க், பேரிங்கைத் தாண்டி பிளாக்கின் இரும்பையே அரைக்க ஆரம்பிக்கும். அந்த பிளாக்கோட கதை அத்தோட முடிஞ்சுது.

வழக்கமான விளக்கம் இதுதான்: 1992 நடுவாக்கில் மிட்சுபிஷி கிராங்கை மாற்றியது. அதற்கு முன் ஃப்ளைவீலை ஆறு போல்ட் பிடித்தது, அப்புறம் ஏழு. ஏழு போல்ட் எஞ்சின்தான் 'நடக்கும்'. ஆகவே பழைய ஆறு போல்ட் எஞ்சினைத் தேடி மாட்டு.

யோசிச்சுப் பாருங்க. ஃப்ளைவீலில் ஒரு போல்ட் கூடினால் நடு பேரிங் ஏன் தேயணும்? போல்ட் எண்ணிக்கை ஓர் அடையாளம், அவ்வளவுதான். அதோடு சேர்ந்து கனெக்டிங் ராடு மெலிந்தது, வேறு சில பாகங்களும் மாறின. குற்றவாளி அவற்றில் எது என்று 'ஏழு போல்ட்' என்ற பேர் சொல்வதில்லை. பின்னாளைய எவல்யூஷன்களிலும், 2007 வரை, ஏழு போல்ட் கிராங்க்தான். அங்கேயும் சில கேஸ் உண்டு, ஆனால் இந்த அளவுக்குக் கெட்ட பேர் இல்லை.

அங்கே வேறாக இருப்பது கிளட்ச். எக்லிப்ஸில் பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டை ஃப்ளைவீல் பக்கம் தள்ளும். அந்த விசை கிராங்க் வழியா நேரே த்ரஸ்ட் முகத்துக்குப் போகும். நான்காம் எவல்யூஷனிலிருந்து ரிலீஸ் பேரிங் எதிர்ப்பக்கம் இழுக்கும் வகை. இதுதான் காரணம்னு தீர்ப்பு சொல்ல வரலை. ஆனால் போல்ட்டை எண்ணுவதைவிட இதைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கு.

ஏன்னா த்ரஸ்ட் முகம் பாவப்பட்ட பேரிங். வட்டமான மெயின் பேரிங்கில் கிராங்க் சுற்றும்போது ஆயில் ஆப்பு மாதிரி இடுக்கில் நுழைந்து உலோகத்தைத் தூக்கிப் பிடிக்கும். த்ரஸ்ட் முகம் தட்டை. அதற்கென்று தனியாக அழுத்தத்தோடு ஆயில் வருவதில்லை. மெயின் பேரிங்கிலிருந்து கசிவதுதான் அதன் சாப்பாடு. இனி அமெரிக்க மேனுவல் வண்டியில் ஸ்டார்ட் செய்வதை நினைச்சுப் பாருங்க: கிளட்சை முழுசா மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். ஆயில் அழுத்தம் பூஜ்யமா இருக்கிற அந்த நொடியில் த்ரஸ்ட் முகத்துக்கு முழுச் சுமை. தினமும். இதுக்கு மேலே கூடுதல் பவருக்காக வலுவான பிரஷர் பிளேட் மாட்டினால் சுமை இன்னும் ஏறும். வலுவான கிளட்ச் மாட்டினவரே கிராங்க்வாக் என்று மிட்சுபிஷியைத் திட்டுவதும் உண்டு.

இப்போ ரிப்பேருக்கு வருவோம். என் பெரிய குறை இங்கேதான். கிராங்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் மெயின் ஜர்னல், பின் ஜர்னல் எல்லாம் 0.25 மில்லிமீட்டர் கிரைண்ட் செய்து அண்டர்சைஸ் பேரிங் போட்டு 'புதுசாக்கியாச்சு' என்பார்கள். தேய்ந்தது பக்கச்சுவர். வட்டத்தை எவ்வளவு கிரைண்ட் செய்தாலும் பக்கச்சுவர் சரியாகாது. கோடு லேசாக இருந்தால் அந்த முகத்தையே பாலிஷ் செய்யலாம். கொஞ்சம் எடுத்தால், எடுத்த அளவுக்குத் தடிமனான த்ரஸ்ட் பேரிங் வேணும். ஆழமா அரித்திருந்தால் வெல்டிங் வைத்து ஏற்றி மறுபடி கிரைண்ட் பண்ணணும். வெல்டிங் சூட்டில் கிராங்க் வளையும், விரிசல் விடும். நேராக இருக்கா, விரிசல் இருக்கா என்று காந்தத்தூள் சோதனை வரை பார்க்காத வெல்டிங் வேலைக்குப் பதிலா வேறு கிராங்க் வாங்குவதே மேல்.

மாட்டும்போது ஒரு வேலை உண்டு, அதைப் பலர் தாவிவிடுகிறார்கள். நடு மெயின் கேப்பை முறுக்குவதற்கு முன் கிராங்கை முன்னும் பின்னும் தள்ளி, மேல் பாதி, கீழ் பாதி த்ரஸ்ட் முகங்கள் இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரணும். இல்லேன்னா ஒரு பாதியே முழுச் சுமையும் தாங்கும். இரண்டு நிமிஷ வேலை.

அடுத்தது அழுக்கு. தேய்ந்த பேரிங் எங்கே போச்சு? ஆயிலில். குளிர்ந்த ஆயில் கெட்டியா இருக்கும்போது ஃபில்டரின் பைபாஸ் திறந்துகொள்ளும். துகள் வடிகட்டாமலே ஆயில் பம்ப், பேலன்ஸ் ஷாஃப்ட் பேரிங், ஹைட்ராலிக் லிஃப்டர், கடைசியில் டர்போ வரை போகும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் டர்போ பேரிங்குக்குத் துகள் என்றால் விஷம். ஆயில் கூலரின் நுண்குழாய்களை முழுசாக் கழுவ முடியாது, அதை மாற்றிடணும். ஆறு போல்ட் எஞ்சின் தேடிப் பிடித்து மாட்டி, பழைய கூலரையும் பழைய டர்போவையும் அப்படியே விட்டவருக்குப் புது பேரிங் போனால், அப்புறம் யாரைக் குற்றம் சொல்வது?

ஆறு போல்ட் மாற்றியவர்கள் வண்டி நல்லா ஓடுது என்பது பொய்யில்லை. ஆனா மாற்றும்போது புது பேரிங், புது ஆயில் பம்ப், சுத்தமான பிளாக், கவனமான கை எல்லாமே சேர்ந்து வருது. இதில் எது காப்பாற்றியது? ஏழு போல்ட்டையும் அதே கவனத்தோடு கட்டி, மிதமான கிளட்ச் வைத்து, ஒப்பிட்டுப் பார்த்தால்தானே தெரியும்.

எக்லிப்ஸ் வாங்கப் போறவர் எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. கிராங்க் புல்லியின் முன்னால் ஒரு டயல் கேஜ் வைத்து, ஒருவர் கிளட்சை மிதித்து விட, இன்னொருவர் முள் எவ்வளவு நகருது என்று பார்த்தால் போதும். 0.18க்குள் இருந்தா ஓட்டலாம். அதற்கு மேலே போனா, விற்பவர் எத்தனை போல்ட் என்று சொன்னாலும் விலையைக் குறைத்துக் கேளுங்க.